வாட்டம் குறைந்த கூரை ஒழுகுகிறதா? இருக்கும் பணத்தில் மாற்றும் வழி

[காட்சி: வெளியே மழைச் சத்தம். அறையின் மேல்தளத்தில் பழுப்பு வளையம். அதன் நடுவில் ஒரு சொட்டு மெல்லத் திரண்டு, கீழே வைத்த வாளியில் விழுகிறது.]

வணக்கம். இந்தக் கறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை நனைந்து காய்ந்தபோதும் தண்ணீர் தன் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இந்தக் கூரை இன்றைக்கு ஒழுக ஆரம்பித்ததல்ல என்பது அதிலேயே தெரிகிறது. ஒவ்வொரு முறையும் யாரோ மேலே ஏறிக் கொஞ்சம் தார் பூசியிருக்கிறார்கள். இனி பூசிப் பயனில்லை, கூரையையே மாற்ற வேண்டும், ஆனால் கையில் பணம் அதிகமில்லை. அப்படி ஒரு நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

நான் சொல்லப் போவது அடிப்படையில் ஒரே ஒரு விஷயம். மேலே விரிக்கும் ஷீட்டில் பணம் மிச்சம் பிடிக்கலாம். வாட்டத்திலும் (தண்ணீர் வடிவதற்கான சரிவு), அடிப்பலகையிலும், ஓரங்களிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. விலை உயர்ந்த ஷீட்டை வாங்கிவிட்டு, ஓர வேலைக்குக் காசில்லாமல் இடுக்கை அடைக்கும் பசையான சீலன்டை ஒரு டியூப் பிதுக்கி முடித்துவிடுகிறார்கள்.

[காட்சி: இரண்டு கூரைகளின் கோட்டோவியம். ஒன்று செங்குத்தாக, மற்றது ஏறக்குறைய தட்டையாக.]

12 அங்குல நீளத்துக்கு 3 அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அது வாட்டம் குறைந்த கூரை. செங்குத்தான கூரையில் தண்ணீர் நிற்க நேரமில்லை, ஓடிவிடும். அதனால் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓடோ, ஷிங்கிள் எனும் மெல்லிய கூரைத் துண்டுகளோ போதும். தட்டையான கூரையில் தண்ணீர் நிதானமாக நகர்கிறது. காற்று அடித்தால் மேல்நோக்கியும் தள்ளப்படுகிறது. படிந்திருக்கும் இரண்டு ஷீட்டுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளி, துணித்திரி எண்ணெயை இழுப்பதுபோல, தண்ணீரை உள்ளே இழுக்கும். தார் ஷிங்கிளை 12-க்கு 2 அங்குலத்துக்கும் குறைந்த வாட்டத்தில் போடவே கூடாது. 2 முதல் 4 வரை என்றால் அடியில் இரட்டை அடுக்கு விரிப்பு வேண்டும். 'பக்கத்து வீட்டில் இதைத்தான் போட்டார்கள், நன்றாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், அந்தக் கூரையின் வாட்டம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

சரி, கூரையைப் பிரிப்பதற்கு முன்பு, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரிய வேண்டும். கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். நான் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கைக்கு மேலே சொட்டியது. அதற்கு நேர் மேலே நான்கு முறை தார் பூசியிருந்தார்கள், மேடாகவே ஆகிவிட்டது. உண்மையான இடம் கூரைச் சரிவில் அங்கிருந்து ஒன்பது அடி மேலே இருந்தது. கூரையைத் துளைத்து வரும் காற்றுக் குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. என் விரல் நகம் நுழையும் அளவு வெடிப்பு, அவ்வளவுதான். அதில் இறங்கிய தண்ணீர் பலகையின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து, உத்தரத்தைத் தொட்டு, அதன் வழியே நடந்து, ஓர் ஆணி முனையில் நின்று சொட்டியிருக்கிறது.

[காட்சி: ஒருவர் கூரையில் ஹோஸ் பிடிக்கிறார். கீழே அறையில் இன்னொருவர் டார்ச் விளக்குடன்.]

கண்டுபிடிக்க ஹோஸ் போதும். ஆனால் வரிசை முக்கியம். கூரையின் தாழ்ந்த பக்கத்தில் ஆரம்பித்து, ஒரு பகுதியை நனைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு மேலே நகருங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது காரணம் என்றே தெரியாது. சுவரோரம், குழாய், வெளிச்சக் கண்ணாடி, வடிகால் வாய் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நனையுங்கள். பெரும்பாலும் கசிவு இங்கேதான் பிடிபடும். விரிந்து கிடக்கும் நடுப்பரப்பில் ஓட்டை இருப்பது குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மழையே இல்லாத குளிர்நாளில் சொட்டினால் அது ஒழுகலாக இல்லாமல் இருக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கூரையின் அடியில் பட்டு வியர்ப்பது அது. அதற்குப் புதுக் கூரை போட்டால் காசுதான் போகும், சொட்டு நிற்காது.

[காட்சி: மழை நின்ற கூரை. நடுவில் குளம்போலத் தண்ணீர், அதில் மேகம் தெரிகிறது.]

இப்போது வாட்டம். மழை நின்று 48 மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் தேங்கி நின்றால் அந்த இடத்தில் வாட்டம் தவறு என்று அர்த்தம். சாக்பீஸால் அதன் விளிம்பைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு வருபவருக்குக் காட்டலாம். தேங்கும் தண்ணீரை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. பத்துக்குப் பத்து அடி இடத்தில் ஓர் அங்குலம் நின்றால் சுமார் 236 கிலோ. அந்தக் கனத்தில் பலகை இன்னும் கொஞ்சம் தொய்கிறது. தொய்ந்த இடத்தில் அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் தேங்குகிறது.

ஷீட் கூரைக்குக் குறைந்தபட்சம் ஓர் அடிக்குக் கால் அங்குல இறக்கம் வேண்டும். இருபது அடி நீளக் கூரை என்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 5 அங்குல வித்தியாசம். ரசமட்டம் வைத்தோ, தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்தோ நீங்களே அளந்துவிடலாம்.

வாட்டத்தைச் சரி செய்யப் பல வழிகள் உண்டு. கான்கிரீட் தளமென்றால் மேலே இன்னொரு கலவை அடுக்கு போட்டுவிடலாம் என்பார்கள். யோசியுங்கள். ஓர் அங்குலக் கலவை அந்தப் பத்துக்குப் பத்து இடத்தில் ஏறக்குறைய அரை டன். கட்டடம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும் ஃபோம் பலகைகள் கிடைக்கின்றன. கனமில்லை, வெப்பத்தையும் தடுக்கும், ஆனால் விலை கூடுதல். மரக்கூரையாக இருந்தால் சரிவாக அறுத்த மரச்சட்டங்களை உத்தரங்களின்மேல் வைத்து அதன்மேல் ப்ளைவுட் அடிப்பது சிக்கனமான வழி. முழுக் கூரைக்கும் பணமில்லையா? தண்ணீர் தேங்கும் இடத்தையும் வடிகால் வாயைச் சுற்றியும் மட்டுமாவது செய்யுங்கள். சில சமயம் வடிகால் வாய் மேடாக இருப்பதுதான் பிரச்சினையே, அதை ஓர் அங்குலம் இறக்கினால் குளம் வற்றிவிடும்.

[காட்சி: பழைய ஷீட்டின் ஒரு மூலையைத் தூக்குகிறார்கள். அடியில் கறுத்த பலகை. ஸ்க்ரூ டிரைவர் முனை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்குகிறது.]

அடிப்பலகை. ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்க்கும்போது நல்ல மரம் எதிர்க்கும். இப்படி இறங்கினால் அந்தத் துண்டு போயே ஆக வேண்டும். கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்திருந்தால், முதலில் அந்தப் பழுது, பிறகுதான் மேல்பூச்சு.

பழையதைப் பிரிக்காமல் அதன்மேலேயே புதியது போட்டால் கூலியும் மிச்சம், குப்பையும் மிச்சம். உண்மைதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: ஒரே ஒரு பழைய அடுக்குதான் இருக்க வேண்டும், அது உலர்ந்திருக்க வேண்டும். இரண்டு அடுக்கு ஏற்கெனவே இருந்தால் பல கட்டட விதிகள் மூன்றாவதை அனுமதிப்பதில்லை. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் கிளம்பும், மரம் உள்ளுக்குள்ளேயே மட்கும். இரண்டு மூன்று இடங்களில் கையகலம் அறுத்துப் பாருங்கள். அடியில் உள்ள பலகை கையில் குளிர்ச்சியாக, ஈரமாகப் பட்டால் பிரிப்பதுதான் வழி. பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். பரிசோதித்து, அதற்குப் பயிற்சி உள்ளவர்களை வைத்து எடுங்கள். அதன் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

இனி ஷீட் வகைகள். வேகமாகவே சொல்கிறேன். முன்பே சொன்னேன், இது அவ்வளவு பெரிய விஷயமில்லை.

மிக மலிவானது மணல் தூவிய தார் ரோல். சில வருடம்தான் தாங்கும், கொட்டகைக்குச் சரி. அதைவிட நல்லது பாலிமர் கலந்த தார் ஷீட். அதில் தீ உமிழும் எரிவாயு டார்ச் வைத்து உருக்கி ஒட்டுவது ஒன்று, பின்பக்கத் தாளை உரித்து அப்படியே ஒட்டுவது ஒன்று. மரக்கூரைமேல் டார்ச் வேலையைச் செய்யப் பழகாத கையிடம் கொடுக்காதீர்கள். பலகை இடுக்கில் புகைய ஆரம்பித்து, வேலை முடிந்து ஆட்கள் போன பிறகும் தீப்பிடித்திருக்கிறது. மரத்துக்குத் தானே ஒட்டும் வகை பாதுகாப்பானது.

இ.பி.டி.எம். என்பது கறுப்பு ரப்பர் ஷீட். சிறிய வீட்டுக்கு என் முதல் தேர்வு இதுதான். மிக அகலமாகக் கிடைப்பதால் சின்னக் கூரையை இணைப்பே இல்லாமல் ஒரே ஷீட்டால் மூடிவிடலாம். இணைப்பு இல்லாவிட்டால் இணைப்பில் கசிவதும் இல்லை. விரித்த உடனே ஒட்டாமல் அரை மணி நேரம் அப்படியே கிடக்க விடுங்கள், மடிப்பு இறுக்கம் தளரும். எண்ணெய்ப் பசையும் பழைய தாரும் இதற்கு ஆகாது, நடுவே ஒரு பலகை அடுக்கு வேண்டும்.

டி.பி.ஓ., பி.வி.சி. இரண்டும் வெப்பக்காற்றால் இணைப்பை உருக்கிச் சேர்க்கும் பிளாஸ்டிக் ஷீட்டுகள். பெரும்பாலும் வெள்ளையாக வரும். சாதாரணக் கூரை கடும் வெயிலில் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கூரை அதைவிட 25 டிகிரிக்கும் மேல் குறைவாக இருக்கலாம். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்கலாம். ஆனால் கருவியும் கைப்பழக்கமும் தேவை, நீங்களே செய்யும் வேலை இல்லை.

கோட்டிங் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள், வாளியில் வாங்கிப் பூசிவிடலாமே என்று. அடித்தளம் உறுதியாகவும் உலர்ந்தும் இருந்தால் பூசலாம். தண்ணீர் தேங்கும் கூரையில் அக்ரிலிக் கோட்டிங் தாங்காது, ஊறி உரியும். சிலிக்கோன் தாங்கும், ஆனால் ஒருமுறை சிலிக்கோன் பூசினால் பிறகு அதன்மேல் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. பூசுவதற்கு முன் ஒரு சோதனை: கூரையைக் கழுவிக் காயவைத்து, ஒரு துணிப் பட்டையைக் கோட்டிங்கில் தோய்த்து ஒட்டி, ஒரு முனையைத் தொங்கவிடுங்கள். சில நாள் கழித்து அந்த முனையைப் பிடித்து இழுங்கள். துணி கிழிந்தால் பிடிப்பு நன்று. பூச்சோடு சேர்ந்து பட்டையாக உரிந்து வந்தால் அந்தக் கூரைக்குக் கோட்டிங் வேண்டாம்.

[காட்சி: சுவரும் கூரையும் சேரும் மூலை, மிகக் கிட்டத்தில். ஷீட் சுவரில் ஏறி, ஓர் உலோகப் பட்டையின் அடியில் மறைகிறது.]

இப்போது ஓரங்கள். இங்கே நான் அவசரப்படப் போவதில்லை.

இந்த மூலையைப் பாருங்கள். ஷீட் கூரையோடு நின்றுவிடவில்லை, சுவரில் 8 அங்குலம் ஏறுகிறது. மூலையில் சட்டென்று செங்கோணமாக மடியாமல், சாய்வான ஒரு சின்னக் கட்டைமேல் தவழ்ந்து ஏறுகிறது. தார் ஷீட்டுக்கு இது ரொம்ப அவசியம், கூர்மையாக மடித்தால் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். மேல் முனையை உலோகப் பட்டை அழுத்திப் பிடிக்கிறது, ஸ்க்ரூ நெருக்கமாக வருகிறது. அதற்கும் மேலே, சுவரில் வெட்டிய காடிக்குள் செருகிய இன்னொரு தகடு குடைபோலக் கவிகிறது. சுவரில் வழியும் தண்ணீர் அந்தக் குடையில் விழுந்து, ஷீட்டின் முன்பக்கமாக இறங்கிப் போகும். சீலன்ட் இதில் கடைசித் துணை மட்டும்தான். அது சில வருடத்தில் காய்ந்து போனாலும் தகடு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

கைப்பிடிச் சுவரின் மேல்பக்கத்தையும் மறக்காதீர்கள். அது திறந்து கிடந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, அழகாகப் போட்ட ஷீட்டுக்குப் பின்னால் வந்து சேரும். கூரை ஒழுகுகிறது என்று நாம் கூரையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

விலை கேட்கும்போது, 'மொத்தம் எவ்வளவு' என்று மட்டும் கேட்காமல், இவற்றை எழுத்தில் கேளுங்கள்: பழையதைப் பிரிப்பது சேர்ந்ததா, கெட்ட பலகை ஒன்றை மாற்ற எவ்வளவு, சுவரில் ஷீட் எத்தனை அங்குலம் ஏறும், குழாய்களுக்குப் புது வளையம் உண்டா, தேங்கும் இடத்துக்கு என்ன செய்வீர்கள். குறைந்த விலை சொன்னவர் இவற்றில் எதை விட்டிருக்கிறார் என்பது அப்போது தெரியும். பழையதைப் பிரித்துக் கீழே இறக்கும் வேலையை, பாதுகாப்புக் கயிறும் துணைக்கு ஆளும் இருந்தால், நீங்களே செய்து கூலியைக் குறைக்கலாம். கைப்பிடிச் சுவரில்லாத கூரையில் தனியாக ஏறவே ஏறாதீர்கள். அன்றைக்கே மூட முடிகிற அளவு மட்டும் பிரியுங்கள்.

அப்படியும் பணம் போதவில்லை என்றால் கூரையை இரண்டு பாகமாகப் பிரித்து, தாழ்ந்த பாதியை முதலில் முடியுங்கள். மேல் பாதியின் ஷீட் பிறகு கீழ்ப் பாதியின்மேல் படியும், தண்ணீர் இணைப்பைத் தாண்டி ஓடும். முதலில் மேல் பாதியைப் போட்டுவிட்டால், பின்னால் கீழே வரும் ஷீட்டை அதன் அடியில் செருக வேண்டி வரும், அது சரியாக அமைவதில்லை.

[காட்சி: முடிந்த கூரை. அதே ஹோஸ். கீழே அதே அறை, காய்ந்த பழுப்பு வளையம்.]

வேலை முடிந்த அன்று, மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு, அதே ஹோஸை எடுங்கள். அதே வரிசை, தாழ்ந்த பக்கத்திலிருந்து மேல் நோக்கி. அறையில் உள்ள கறை வளையத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள், ஈரம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று. தாண்டவில்லை என்றால் அதன்மேல் வெள்ளை அடித்துவிடலாம்.