கவுண்டர் கொடுத்தால் சீன் காலி

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாடும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. எங்கள் யூனிவர்சிட்டி இம்ப்ரோவ் குழு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் செய்த ஷோவிலிருந்து ஒரு வீடியோ துண்டு போட்டிருந்தேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "ஸ்கிரிப்ட் யார் எழுதினது?" யாரும் எழுதவில்லை. ஒத்திகையும் கிடையாது. இம்ப்ரோவ் என்றால் அதுதான், மேடையிலேயே யோசித்து நடிப்பது. ஒரு நிமிடம், ஃபேனை நிறுத்திவிட்டு வருகிறேன், மைக்கில் இரைச்சல் விழுகிறது.

சரி. மேடையில் ஏறியதும் பார்வையாளர்களிடம் ஏதாவது ஒன்று கேட்போம். அவர்கள் சொல்வதை வைத்து அங்கேயே சீன் பிடிக்க வேண்டும். "ஒரு இடம் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்கவே கூடாது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மச்சான் "தண்டாஸ்!" என்று கத்துவான், எல்லாரும் சிரிப்பார்கள், நாங்கள் இரண்டு பேர் கழிவறைக்குள் மாட்டிக்கொள்வோம். அதனால் எங்கள் தொகுப்பாளினி கேள்வியை மாற்றிவிட்டாள். "உங்கள் பாட்டி தூக்கிப் போடவே விடாத பொருள் எது?" முன்வரிசை அக்கா யோசிக்கவே இல்லை: "மைலோ டின்." சாக்லேட் பானப் பொடி வரும் அந்த டின்தான்.

அந்தச் சீன் இப்படிப் போனது. தம்பி, இல்லாத டின்னை இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கிறான். "அண்ணே, இதுல என்ன இருக்கு?" அண்ணன் பதறிப்போய், "கீழ வைடா. தாத்தா இருக்காரு." தம்பி டின்னை மெதுவாகக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அதான் காலைல மைலோ ஒரு மாதிரி இருந்துச்சா?"

அரங்கம் அதிர்ந்தது. எனக்கு முக்கியமாகப்பட்டது அந்தத் தம்பி செய்த வேலைதான். டின்னில் தாத்தாவின் சாம்பல் இருக்கிறது என்று அண்ணன் அந்த நொடியில் கண்டுபிடித்துச் சொன்னதை இவன் அப்படியே ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொண்டு, அதன் மேல் ஒன்றை வைத்தான். இம்ப்ரோவின் அடிப்படையே இவ்வளவுதான்: கூட்டாளி சொன்னது உண்மை, அதோடு நீ ஒன்றைச் சேர்.

இதே சீன் பயிற்சியில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? "இதுல என்ன இருக்கு?" "உன் மூளைடா, அதான் காலியா இருக்கு." சிரிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம்? டின் போச்சு, தாத்தா போனார், அண்ணன் தம்பி உறவும் போச்சு. இரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இம்ப்ரோவில் பெரிய வில்லன் மேடை பயமில்லை, பட்டென்று அடிக்கும் பதிலடி, அதாவது கவுண்டர்தான். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கலாய்த்தே வளர்ந்த கூட்டம் நாம். ஒருவன் வாயைத் திறந்தால் அவனை எப்படி மடக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

"கவுண்டமணி அண்ணன் அதைத்தானே செய்தார்?" என்பீர்கள். செய்தார். ஆனால் எதிரில் செந்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். எவ்வளவு திட்டினாலும் அந்த உலகத்தை விட்டு வெளியே வரமாட்டார். அடி வாங்கிக்கொண்டே, முகத்தில் சிரிப்பே இல்லாமல், தன் நியாயத்தை இன்னொரு படி மேலே கொண்டுபோவார். குழுவில் எல்லாருக்கும் கவுண்டமணியாக ஆசை. நான் தேடுவது செந்திலைத்தான்.

இது ஏதோ வெள்ளைக்காரன் கலை என்று ஒரு மாமா எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். மாமா, தமிழ்நாட்டில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று இருக்கிறது. நடிகர்களை ஊர் ஊராகத் தனித்தனியே புக் செய்வார்கள். ஒத்திகை கிடையாது, அன்று இரவு மேடையில்தான் சேர்ந்து நடிப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும், நாடகம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் மனப்பாடம், மீதி அவரவர் சாமர்த்தியம். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் எங்கே போய் முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. கோமாளியாக வரும் பபூன் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாங்கள் விளையாடும் விளையாட்டுகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை, அதுவும் உண்மை. சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற நாடக ஆசிரியை, பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளோடு வேலை செய்தார். மொழி தடையாக இருக்கக்கூடாது என்று விளையாட்டு வழியாகவே நடிப்பைச் சொல்லிக்கொடுத்தார். பின்னர் 1959இல் அவருடைய மகன் பால் சில்ஸ் இன்னும் இருவரோடு சேர்ந்து செகண்ட் சிட்டி என்ற இம்ப்ரோவ் நாடகக் குழுவைத் தொடங்கினார். மொழி விஷயம் எங்களுக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. எங்கள் குழுவில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் உண்டு, தமிழ் பேச மட்டும் தெரிந்தவர்களும் உண்டு. சீனில் போலீஸ்காரர் நுழைந்தால் வசனம் தானாக மலாய்க்கு மாறிவிடும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது குழுவுக்குள் ஒரு சண்டை ஓடுகிறது. 1977இல் கனடாவின் கால்கரியில் கீத் ஜான்ஸ்டன் தொடங்கிய தியேட்டர்ஸ்போர்ட்ஸ் மாதிரி, இரண்டு அணி, நடுவர், மார்க் என்று வைக்கலாம் என்கிறார்கள் ஜூனியர்கள். கூட்டம் வரும், ஒத்துக்கொள்கிறேன். மல்யுத்தம் பார்க்க வந்தவர்கள் போட்ட கூச்சல்தான் அந்த மனிதருக்கே யோசனை கொடுத்தது. ஆனால் மார்க் என்றதும் நம் ஆட்கள் கவுண்டரை உருவிவிடுவார்கள். அதனால் எனக்கு இஷ்டமில்லை. வியாழக்கிழமை ஓட்டெடுப்பு, நான் தோற்கத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன்.

அதுவரை பயிற்சியில் ஒரு சட்டம்: முதல் அரைமணி நேரம் கவுண்டர் அடித்தவன் எல்லாருக்கும் தே தாரிக் (ஆற்றி நுரைக்கவிட்ட பால் டீ) வாங்கித்தர வேண்டும். பந்தாய் டாலாம் மாமாக் கடை அண்ணன் எங்களைப் பார்த்தாலே இப்போது, "இன்னிக்கு யாரு கட்டுறா?" என்றுதான் கேட்கிறார்.