கடல் கடந்து வந்தவளின் தலைச்சன் பேறு

நேயர்களுக்கு என் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் முப்பது ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்கு வந்த சில நாட்களிலோ சில மாதங்களிலோ பிள்ளை பெறும் பெண்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, என் கண்முன் வந்து நின்றவர்கள் விமானம் ஏறிப் போனவர்கள் அல்லர். தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் இரவோடு இரவாகப் படகேறி, அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளில் இறக்கி விடப்பட்டு, விடிந்த பிறகு ஈரச் சேலையோடு நம் கரைக்கு வந்து சேர்ந்த பிள்ளைத்தாய்ச்சிகளே வந்து நின்றார்கள்.

தலைச்சன் பேறு தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் மகளைக் கையோடு அழைத்து வந்துவிடுகிறோம். அந்த வழக்கத்தைச் சீர்வரிசைக்காக ஏற்பட்ட ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. நடு இரவில் வலி எடுத்தால் எழுப்புவதற்கு ஓர் ஆள், இந்த அளவு உதிரப்போக்கு இயல்பானது, இதற்கு மேல் போனால் ஆபத்து என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள், அவள் உட்கார்ந்து நாலு வாய் சோறு உண்ணும்வரை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ள ஓர் ஆள் என்று பல பேருடைய வேலைகள் சேர்ந்ததற்குத்தான் தாய் வீடு என்று பெயர். கடல் கடந்து வரும் பெண் இவை அனைத்தையும் ஒரே இரவில் இழக்கிறாள். அந்த வேலைகளை இங்கே யார் யார் செய்வது என்பதை அவள் வந்த முதல் வாரத்திலேயே ஆள் பேர் குறித்து முடிவு செய்துவிட வேண்டும் என்பதுதான், இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானது. எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட இடங்களில் யாருமே பார்த்துக்கொள்ளாததை நான் கண்டிருக்கிறேன்.

இலங்கையிலிருந்து வரும் அகதிகளைத் தங்க வைக்கும் மண்டபம் முகாமுக்கு இது புதிதல்ல. வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் மக்களை நோய்த்தொற்றுக்காகத் தங்க வைத்துச் சோதித்து அனுப்பிய இடம் அது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு அவர்களின் பேரப் பிள்ளைகள் திரும்பி வந்தபோதும் அங்கேதான் வந்து தங்கினார்கள். இலங்கையில் 1983 சூலைக் கலவரத்துக்குப் பின்னும், 1990இல் மீண்டும் போர் மூண்ட பின்னும், 2022இல் பால்மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தபோதும், கைக்குழந்தையோடும் வயிற்றுப் பிள்ளையோடும் வந்த பெண்களை அந்த இடம் பார்த்திருக்கிறது. 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை இராமேசுவரம் தீவிலிருந்து ஒரு கர்ப்பிணியை இராமநாதபுரத்துக்கு அனுப்ப வேண்டுமானால் இரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். இன்று 108 வண்டி வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் பயம் மட்டும் அன்று இருந்தது போலவே இருக்கிறது.

அந்தப் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டு, காற்றுக் காலம். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், பன்னிரண்டு வயதுத் தம்பியுடன் வந்திருந்தாள். முகாமில் பெயர் எழுதும் வரிசையில் நின்றபோது முந்தானையை இழுத்து வயிற்றின்மேல் போர்த்திக்கொண்டு, முழங்கையை இடுப்பில் ஊன்றியபடி நின்றாள். அந்த நிற்கும் முறை எனக்குத் தெரியும். தனியே அழைத்துக் கேட்டேன். அங்கே செவிலியரை மிசி என்றுதான் அழைப்பார்கள். "மிசி, பிள்ளை கிடைக்கிற மாதம் இதுதான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அல்லது தம்பியைப் பிரித்துவிடுவார்கள் என்று படகில் யாரோ சொன்னதாகச் சொன்னாள். கணவர் மன்னாரிலேயே இருந்தார். பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார்.

மறைத்து வைக்கப்பட்ட கர்ப்பம்தான் நான் அதிகம் அஞ்சும் கர்ப்பம். இரவு முழுவதும் படகில் வாந்தியெடுத்து, குடிக்க நீரில்லாமல் வெயிலில் மணல்திட்டில் காத்திருந்தவளுக்கு உடம்பில் நீர் வற்றியிருக்கும். அதனாலேயே நாள் ஆகுமுன் வலி காணக்கூடும். முதலில் அவளுக்குக் குடிக்க உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் கொடுக்க வேண்டும். பிறகு இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை, 7 கிராமுக்குக் கீழே இருந்தால் அவளை எந்த முகாமிலும் எந்தத் துணை சுகாதார நிலையத்திலும் வைத்திருக்கக் கூடாது, பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். இரத்தப் பிரிவு தெரியாமல் பேற்றுக்கு விடுவதும் தவறு. தாய்க்கு நெகட்டிவ் பிரிவும் பிள்ளைக்குப் பாசிட்டிவ் பிரிவுமாக அமைந்தால், பேறு முடிந்த 72 மணி நேரத்துக்குள் ஆன்டி டி ஊசி போட்டாக வேண்டும்; தவறினால் அடுத்த பிள்ளைக்குத்தான் அது கேடாக முடியும். இவை அனைத்தையும் சொல்லும் அட்டை ஒன்று அவளிடம் ஊரில் இருந்திருக்கும். இலங்கையில் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் முறை மிக நல்ல முறை. அங்கிருந்து வந்த பெண்களுக்குத் தங்கள் கிளினிக் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பது பெரும்பாலும் மனப்பாடமாகவே இருக்கும். ஆனால் அட்டை படகில் நனைந்து போயிருக்கும், அல்லது வீட்டிலேயே கிடக்கும். நகையைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு வரும் பெண்கள் அந்த அட்டையையும் ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு மடியில் கட்டிக்கொண்டு வந்தால், என்னைப் போன்ற செவிலிக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் இதே சொல்தான். நாம் 6, 10, 14 ஆகிய வாரங்களில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியை அங்கே 2, 4, 6 ஆகிய மாதங்களில் போடுகிறார்கள். எத்தனை தவணை முடிந்தது என்று தெரியாமல் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு தவித்த நாட்கள் எனக்கு உண்டு.

அந்தப் பெண்ணுக்கு வந்த ஒன்பதாம் நாள் வலி கண்டது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. பேறு சிக்கலில்லாமல் முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பிள்ளை அழுதது, தாய் அழவில்லை, பேசவுமில்லை. பிள்ளையை மடியில் போட்டால் வைத்துக்கொள்வாள், எடுத்தால் கொடுத்துவிடுவாள். பால் சுரக்கவில்லை. அச்சமும் துயரமும் மிகுந்தால் பால் இறங்குவது தடைப்படும் என்பது படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தடையை நீக்கும் மருந்து எந்த மருந்துப் பெட்டியிலும் இல்லை.

தங்கச்சிமடத்திலிருந்து கூடையில் மீன் சுமந்து முகாமுக்கு விற்க வரும் அக்கா ஒருவர் இருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு மறுநாள் பால்சுறா ஒன்றைத் துண்டு போட்டு எடுத்து வந்தார். அவரே வேகவைத்து, தோலையும் நடுமுள்ளையும் நீக்கி, விரலால் உதிர்த்து, நீரை ஒட்டப் பிழிந்து, நிறையப் பூண்டும் மிளகும் சீரகமும் போட்டுப் பிரட்டினார். வாசனை எழுந்ததும் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அந்தப் பெண் இந்தப் பக்கம் திரும்பினாள். "சுறா வறையோ?" என்று கேட்டாள். எங்களுக்கு அது சுறாப் புட்டு. அவளுக்குச் சுறா வறை. பெயர் வேறாக இருந்தாலும் பிள்ளை பெற்றவளுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது இரண்டு கரையிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்குகளைச் சேர்த்துக் காயம் இடித்துக் கொடுப்போம். அவள் சரக்கு அரைத்துக் கொடுங்கோ என்று கேட்டாள். முகாம்களில் கர்ப்பிணிகள் தங்கள் நாட்டுச் சத்துமாவான திரிபோசா கேட்பதும், நாங்கள் அங்கன்வாடிச் சத்துமாவைக் காட்டுவதும் பிறகு பல முறை நடந்தது.

சுறாப் புட்டுதான் பாலைச் சுரக்க வைத்தது என்று செவிலியாகிய நான் சொல்ல மாட்டேன். பிள்ளையை அடிக்கடி மார்பில் போட்டுச் சுவைக்க விட்டால்தான் பால் ஊறும், அதற்கு மாற்று இல்லை. ஆனால் அன்று அவள் சாப்பிட்டாள், சாப்பிட்டவள் அழுதாள், அழுதவள் பிள்ளையை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். நாற்பது நாளும் அந்த அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பிள்ளையை வைத்திருப்பார். அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவள் வெந்நீர் ஊற்றிக்கொள்வாள். ஆள் பேர் குறிக்க வேண்டும் என்று முன்பு நான் சொன்னது இதைத்தான்.

இனி நான் சொல்லப்போவது தாளைப் பற்றியது. மருந்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதற்கு மேல் அனுமதி, ஓராண்டு கடந்தால் அதிகாரியின் ஆணை என்று ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போக வேண்டியிருக்கும். பெற்றோர் எந்த நாட்டவர் என்றாலும் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் கேட்டால் ஆபத்து என்று பயந்து வாளாவிருப்பவர்கள் தயவு செய்து இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1987 சூலை 1ஆம் தேதிக்கு முன் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படுகிறது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். எந்தத் தேதியில் எந்த ஊரில் பிறந்தார் என்று அன்று எவரோ ஒருவர் எழுதி வைத்த ஒரு வரிதான் அவருக்கு நிலம் ஆனது. 1987க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இலங்கைக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்வதற்கும் அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை.

நம் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் கணவரோடு வளைகுடாவுக்குப் போய், போய்ச் சேர்ந்த அந்த வருடத்துக்குள்ளேயே பிள்ளை பெறும் மகள்களுக்கும் இது பொருந்தும். அமீரகத்தில் பிறந்ததால் பிள்ளைக்கு அந்நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. 120 நாட்களுக்குள் பிள்ளைக்கு வதிவிட அனுமதி வாங்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழை ஊரிலேயே பீரோவில் வைத்துவிட்டுப் போன பிள்ளைகளுக்காக இங்கே உம்மாமார் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

1990இல் வந்த அந்தப் பெண்ணிடம் திரும்புகிறேன். பிறப்பைப் பதியும்போது தகப்பன் பெயர் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இறந்துபோன தன் தாத்தாவின் பெயரைச் சொன்னாள். கணவர் பெயர் எந்தத் தாளில் ஏறினாலும் அது அங்கே போய் அவருக்குத் தீங்காகிவிடும் என்று நம்பினாள். பொய் என்று எனக்குத் தெரியும். கூடைக்கார அக்காவுக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் சொன்னதையே எழுதிக் கொடுத்தேன். அவள்மேல் எனக்கு இன்றும் குறையில்லை. உண்மையை எழுதுவதால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று உட்கார்ந்து எடுத்துச் சொல்லாத என்மேல்தான் குறை. கணவர் வரவில்லை. அவரைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. மகள் வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தன் தகப்பன் பெயர் ஏன் அம்மா சொல்லும் பெயராக இல்லை என்று கேட்ட ஆண்டு 2008.

பதிவில் பிழை இருந்தால், நடந்ததை அறிந்த நம்பத்தக்க இருவர் உறுதிமொழி கொடுத்தால் பதிவாளர் திருத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த இருவராக நானும் கூடைக்கார அக்காவும் போனோம். அக்கா கைநாட்டு வைத்தார். பழைய பதிவை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. ஓரத்தில்தான் எழுத வேண்டும். பதிவாளர் பேரேட்டைத் திருப்பிப் பக்கத்தைக் கண்டுபிடித்து, பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். பதினெட்டு ஆண்டுகளாக வெளியாள் முன்னால் உச்சரிக்காத அந்தப் பெயரை அவள் சொன்னாள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மகள் தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மறுபடியும் ஒவ்வொரு எழுத்தாக, அவர் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

நன்றி, வணக்கம்.