தாத்தாவின் கேசட்டில் காணாமல் போன 23 நொடி

வணக்கம் மக்களே. இந்த வாரம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். நேற்று சென்னை ரிச்சி தெருவில் நடந்ததைக் கொட்டாமல் எனக்கு வேறு வேலை ஓடாது.

தாத்தா பர்மாவின் ரங்கூனிலிருந்து நடந்து வந்த கதையை பர்மா பஜார் வீடியோவிலேயே சொல்லியிருக்கிறேன். அதை அவரே பேசியிருக்கும் கேசட் போன மாதம் சித்தப்பா வீட்டுப் பரணில் கிடைத்தது. 1994-இல் டூ இன் ஒன் ரேடியோ கேசட் பிளேயரில் பதிந்தது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை.

அதைக் கணினிக் கோப்பாக மாற்ற ரிச்சி தெருக் கடையில் கொடுத்தேன், 400 ரூபாய் என்றார்கள். வாங்கப் போனால் 850! கிளீனிங் 250, இரைச்சல் நீக்க 200. இரைச்சலை நீக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. சரி, தாத்தா குரல் கிடைத்ததே என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். 1941 டிசம்பர் 23, ரங்கூனில் ஜப்பானின் முதல் குண்டு விழுந்த நாள். அப்போது அவருக்கு ஒன்பது வயது. மாண்டலே வரை ரயில், அப்புறம் படகு, கலேவாவிலிருந்து காட்டுவழியே நடை. அடுத்த சில மாதங்களில் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது.

பர்மா எல்லை ஊரான தமு தாண்டி ஓர் ஓடைக்கரை. "பாப்பாவுக்குக் காலரா வந்துடுச்சு. விடியும்போது போயிட்டா." பாப்பா அவர் தங்கை, மூன்று வயது. அடுத்த நொடியே, "இம்பால்ல கஞ்சி ஊத்துனாங்க" என்கிறார். மூச்சுகூட விடவில்லை. என் தாத்தா அப்படிப் பேசுகிற மனிதர் இல்லை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அது 90 நிமிட கேசட், ஒரு பக்கம் 45 நிமிடம், கடைசிவரை பேச்சு இருக்கிறது. அவர்கள் கொடுத்த கோப்போ 41 நிமிடம்தான். அதைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. உடனே கடைக்கு ஓடினேன். "பேச்சு இல்லாத இடத்தையெல்லாம் வெட்டிட்டோம், கேட்க நல்லா இருக்கும்" என்கிறார் அந்தப் பையன். என் தாத்தா பேசாமல் இருந்ததை வெட்ட நீ யார் என்று கேட்டுவிட்டேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். முதலிலிருந்து ஓட்டுங்கள் என்று ஸ்டூலைப் போட்டு 45 நிமிடமும் அங்கேயே உட்கார்ந்தேன். அந்த 200 ரூபாயையும் திரும்ப வாங்கினேன். இந்த வருடம் நான் வாங்கிய எதுவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தரவில்லை.

அப்புறம், மிருகக்காட்சி சாலை விஷயம்! சின்ன வயதில் தாத்தா கதை விடுகிறார் என்றே நினைத்திருந்தேன். அவர்கள் சென்ட்ரலில் வந்து இறங்கியது 1942 ஏப்ரல். அந்த மாதம் 6-ஆம் தேதிதான் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு விழுந்திருந்தது. "நாங்க குண்டுக்குப் பயந்து இங்க வர்றோம், மெட்ராஸே மூட்டை கட்டிக்கிட்டு ரயில் ஏறுது" என்கிறார். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலியைச் சுட்டார்கள் என்பதும் உண்மைதான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படி ஏதாவது சொன்னால், கதை விடுகிறார் என்று எழுந்து போகாதீர்கள். போனை எடுத்துப் பதியுங்கள். தயவுசெய்து எதையும் வெட்டாதீர்கள்.

இப்போது அந்த இடத்தைப் போடுகிறேன், இசை எதுவும் சேர்க்கவில்லை. "விடியும்போது போயிட்டா" என்பதற்கும் கஞ்சிக்கும் நடுவில் 23 நொடி. ஃபேன் கடகடக்கும். தாத்தா ஒருமுறை மூக்கை உறிஞ்சுவார். அடுக்களையிலிருந்து பாட்டி, "காபி ஆறுது, வாங்க" என்று கூப்பிடுவார். தாத்தா பதில் சொல்ல மாட்டார்.