தண்டல் அட்டையும் சிபில் ரிப்போர்ட்டும்

வணக்கம். நான் தண்டையார்பேட்டை. 2013ல இருந்து 2021 வரைக்கும் எட்டு வருஷம் ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சில இருந்தேன், டியூ கட்டாதவங்க வீட்டுக்கு வண்டி எடுத்துட்டுப் போய் வசூல் பண்ற வேலை. காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, அப்படியே எண்ணூர் வரைக்கும் என் ஏரியா. இப்ப அந்த வேலை இல்ல, மூலக்கடைல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், வர்றவங்களுக்கு சிபில் ரிப்போர்ட், அதாவது வாங்கின கடனை எப்படிக் கட்டியிருக்கோம்னு காட்டற ரிப்போர்ட், எடுத்துக் குடுத்து அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றேன். பழைய லோன் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, காசிமேட்டு அக்கா ஒருத்தங்கள்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

மீன் யாவாரம் பண்றவங்க. 2019ல அறுபதாயிரம் பர்சனல் லோன் எடுத்தாங்க, ஒழுங்கா கட்டிட்டு இருந்தாங்க, கொரோனால ஹார்பரை மூடினப்போ எல்லாம் நின்னுபோச்சு. 2021ல நாற்பத்தோராயிரம் நிலுவைன்னு என் லிஸ்ட்ல வந்தாங்க. மாசக் கடைசி, எங்களுக்கு டார்கெட் இருக்கும். நான் போய் உக்காந்து, அக்கா இருபதாயிரம் கட்டிடுங்க, செட்டில்மென்ட் போட்டுடலாம், எல்லாம் முடிஞ்சுடும், சிபிலும் சரியாயிடும்னு சொன்னேன். கம்மலை மின்ட் தெருவுல அடகு வெச்சுட்டு வந்து கட்டினாங்க. 2024ல பையனுக்கு லோடு ஆட்டோ எடுக்கப் போனா லோன் இல்லன்னுட்டாங்க. என் கடைக்குத்தான் வந்து நின்னாங்க. ரிப்போர்ட்ட எடுத்துப் பார்த்தா அந்தக் கணக்குக்கு நேரா 'செட்டில்டு'ன்னு இருக்கு. பொய் சொல்லணும்னு நான் சொல்லல, எனக்கும் அவ்ளோதான் சொல்லிக் குடுத்தாங்க, ஆனா அவங்க கம்மல் போனது போனதுதான்.

நம்ம ஊர்ல தண்டல், அதாவது தினமும் கொஞ்சம் கொஞ்சமா கட்டற கடன், வாங்காதவங்க கம்மி. தண்டல்காரர் அட்டைல தினமும் டிக் போடுவார், நூறு நாள் முடிஞ்சா அட்டையே முடிஞ்சுது, அதுக்கப்புறம் எவனும் கேக்க மாட்டான். பேங்க் கணக்கு அப்படி இல்ல. முழுசா கட்டினா 'க்ளோஸ்டு'ன்னு போடுவாங்க, கொஞ்சம் தள்ளுபடி பண்ணி வாங்கினா 'செட்டில்டு'ன்னு போடுவாங்க, அடுத்த பேங்க் அதைப் பார்த்தா இவங்க முழுசா கட்டலன்னுதான் எடுத்துக்கும். இன்னொண்ணு 'ரிட்டன் ஆஃப்'. நிறைய பேர் இதைப் பார்த்துட்டு பேங்க்ல தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னு சந்தோஷமா போயிடறாங்க. பேங்க் தன் கணக்குப் புத்தகத்துல நஷ்டத்துல எழுதிக்கிச்சு, அவ்ளோதான், நீங்க தரவேண்டியது அப்படியே இருக்கு, அதை வசூல் பண்ற உரிமையும் அவங்களுக்கு இருக்கு. பல நேரம் அந்த மாதிரி கடனை மொத்தமா ஏ.ஆர்.சி.ன்னு வராக்கடனை வாங்கி வசூல் பண்ற ஒரு கம்பெனிக்கு வித்துடுவாங்க, அதனாலதான் நீங்க பேரே கேள்விப்படாத கம்பெனில இருந்து ஆறு வருஷம் கழிச்சு போன் வருது.

அப்படி போன் வந்தா பயந்துபோய் உடனே ஐநூறு ஆயிரம்னு ஜிபே பண்ணிடாதீங்க, இதை நான் ரொம்ப கேட்டுக்கறேன். முதல்ல ரிப்போர்ட்ட எடுங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு ஒருதடவ முழு ரிப்போர்ட் ஃப்ரீ, அது ரிசர்வ் பேங்க் ரூல். நாலுலயும் ஒரே மாதிரி இருக்காது, ஒண்ணுல க்ளோஸ் ஆனது இன்னொண்ணுல அப்படியே நிக்கும். அதுல அந்தக் கடன் யார் பேர்ல இருக்கு, கடைசியா எப்ப கட்டியிருக்கீங்க, எவ்ளோ நிலுவைன்னு பாருங்க. உங்களுதே இல்லாத லோன் கூட இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜாமீன் போட்டிருந்தா அதுவும் உங்க ரிப்போர்ட்ல வரும், மறந்தேபோன கிரெடிட் கார்டோட வருஷ சார்ஜ் வட்டி மேல வட்டி ஏறி நிக்கும். கடன் வேற கம்பெனிக்கு மாறியிருந்தா அது அவங்களுக்கு மாத்தினதுக்கான லெட்டரைக் காட்டச் சொல்லுங்க, காட்டலன்னா பேச்சே வேணாம்.

கோர்ட் விஷயம் ஒண்ணு. ஈடு எதுவும் இல்லாத லோனுக்கு, கட்டாம நின்னதுல இருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும்னு 1963 லிமிடேஷன் சட்டத்துல இருக்கு. அந்த 3 வருஷம் முடியறதுக்குள்ள கடன் இருக்குன்னு எழுதிக் கையெழுத்து போட்டீங்கன்னாலோ, கொஞ்சம் பணம் கட்டி அதுக்கு உங்க கையெழுத்துல அத்தாட்சி இருந்தாலோ கணக்கு மறுபடி முதல்ல இருந்து ஓடும். அதனாலதான் கலெக்‌ஷன்ல சும்மா ஒரு ஐநூறாவது குடுங்கன்னு கெஞ்சுவாங்க. ஆனா 3 வருஷம் தாண்டிடுச்சு, இனிமே கவலை இல்லன்னும் இருந்துடாதீங்க, கேஸ் போட முடியாதே தவிர ரிப்போர்ட்ல அது இருக்கும், அந்தத் தகவலைக் குறைஞ்சது 7 வருஷம் வெச்சிருக்கணும்னு விதி இருக்கு.

கட்ட வசதி இருந்தா முழுசா கட்டி க்ளோஸ் பண்ணுங்க, என் அபிப்பிராயம் அதுதான். நிஜமாவே முடியலன்னா செட்டில்மென்ட் தப்பில்ல, ஆனா பணம் குடுக்கறதுக்கு முன்னாடி லெட்டர் கைக்கு வரணும், எவ்ளோ, எந்தத் தேதிக்குள்ள, கட்டினப்புறம் ரிப்போர்ட்ல என்ன எழுதுவாங்கன்னு அதுல இருக்கணும். பணம் லோன் குடுத்தவங்க அக்கவுண்ட்டுக்குத்தான் போகணும், வீட்டுக்கு வர்ற பையன் நம்பருக்கு போகக் கூடாது. அந்தப் பையன் காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் போன் பண்ணக்கூடாது, அக்கம்பக்கத்துல சொல்லி அசிங்கப்படுத்தக் கூடாது, இதெல்லாம் ரூல்ல இருக்கு, நாங்க மீறியிருக்கோம், அதையும் சொல்லிடறேன்.

கட்டினப்புறம் இனிமே பாக்கி எதுவும் இல்லன்னு குடுக்கற என்.ஓ.சி. லெட்டரை வாங்கி, ஒரு மாசம் விட்டு ரிப்போர்ட்ட திரும்ப பாருங்க. 2025 ஜனவரில இருந்து பேங்க்லாம் 15 நாளைக்கு ஒருதடவையாவது இந்த ரிப்போர்ட் கம்பெனிகளுக்குத் தகவல் அனுப்பணும். மாறலன்னா சிபில் வெப்சைட்லயே புகார் போடலாம், காசு கிடையாது, 30 நாள்ல சரி பண்ணணும், அதைத் தாண்டினா நாளுக்கு 100 ரூபா உங்களுக்கு நஷ்டஈடு தரணும். அதுக்கும் அசையலன்னா ரிசர்வ் பேங்க்ல நம்ம புகாரை விசாரிக்கற ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், வக்கீல் வேணாம், வெப்சைட்ல போட்டா போதும், தெரியலன்னா 14448க்கு போன் பண்ணுங்க. ராஜாஜி சாலைல சப்வேக்கே ரிசர்வ் பேங்க் சப்வேன்னு பேரு வெச்சு அதுக்குள்ள நாம இத்தனை வருஷமா வண்டி ஓட்டறோம், ஆனா அந்த ஆபீஸ்ல நமக்கும் ஒரு கதவு இருக்குன்னு எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. அய்யாயிரம் குடுங்க சிபில் ஏத்தித் தரோம்னு போஸ்டர் ஒட்டறவங்ககிட்ட மட்டும் போகாதீங்க, உண்மையா இருக்குற பாக்கியை யாராலயும் அழிக்க முடியாது, தப்பா இருக்கறதை நீங்களே ஃப்ரீயா திருத்தலாம்.

காசிமேட்டு அக்கா விஷயம் சொல்லிடறேன். விட்டுக்குடுத்த இருபத்தோராயிரத்தையும் கட்டறோம், க்ளோஸ்னு மாத்துங்கன்னு எழுதிக் குடுத்தோம். எல்லா இடத்துலயும் ஒத்துக்குவாங்கன்னு சொல்ல முடியாது, இங்க ஒத்துக்கிட்டாங்க. சீட்டுப் பணம் எடுத்து ரெண்டு தவணையா கட்டினாங்க. என்.ஓ.சி. வந்துது, ரிப்போர்ட் மட்டும் மாறல, புகார் போட்டப்புறம்தான் 'க்ளோஸ்டு'ன்னு வந்துது. கொரோனா மாசங்கள்ல லேட்டான கணக்கு இன்னமும் அதுல தெரியுது. ஆட்டோவுக்கு வேற ஒரு இடத்துல லோன் கிடைச்சுது, முன்பணம் மட்டும் அதிகமா கேட்டாங்க.

2013ல இருந்து 2021க்குள்ள அந்த ஏரியால செட்டில்மென்ட்னு சொல்லி உங்க வீட்டு வாசப்படில நின்னு யாராவது பணம் வாங்கியிருந்தா அது நானாவும் இருந்திருக்கலாம். பழைய ரசீது இருந்தா எடுத்துட்டு மூலக்கடைக்கு வாங்க. ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கலாம், பிரிண்ட்டுக்கு காசு வேணாம்.