டேபிளில் ஒரு காலத்தின் (column) பெயரை மாற்றினால் ஆப் ஏன் படுத்துக்கொள்கிறது?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் கருவி) ஒரு ஆப். கஸ்டமர் டேபிளில் போன் என்கிற காலத்தை மொபைல் என்று மாற்றிப் புது வெர்ஷன் ஏற்றினேன். லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் அஞ்சு நிமிஷம் எரராகக் கொட்டியது. ஏன்?"

தம்பி, லேப்டாப்பில் நீங்கள் ஒரே ஆள். சர்வரில் மைக்ரேஷன், அதாவது டேட்டாபேஸின் அமைப்பை மாற்றுகிற வேலை, முடிந்த பிறகும் பழைய கோட் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அது போன் என்றே கேட்கும், டேட்டாபேஸ் அப்படி ஒரு காலமே இல்லை என்று கையை விரித்துவிடும். (காலம் என்றால் நேரம் இல்லை, டேபிளில் இருக்கிற காலம், கமெண்டில் அடிக்க வராதீர்கள்.)

நானும் பட்டிருக்கிறேன். டவுனில் ஒரு பாத்திரக்கடை, ஆனித் தேர் சமயம், மூன்று கவுண்டரிலும் கூட்டம். பெயர் மாற்றுவது நொடி வேலைதானே என்று காலை பதினோரு மணிக்குத் தட்டினேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அதற்கு டேபிளின் முழு லாக் வேண்டும், அதாவது வேறு யாரும் தொடாதபடி பூட்ட வேண்டும், ஆனால் உள்ளே ஒருவர் மாதக்கணக்கு ரிப்போர்ட் ஓடவிட்டிருந்தார். அது முடிகிற வரைக்கும் என் கட்டளை காத்து நிற்க, அதன் பின்னால் வந்த ஒவ்வொரு பில்லும் வரிசையில் நின்றுவிட்டது. போனில் கடைக்கார அண்ணாச்சி, "ஏ தம்பி, ஒரு பில்லும் வரமாட்டேங்கே, என்னடே செஞ்ச?" அன்றிலிருந்து மைக்ரேஷனுக்கு முன்னால் லாக் டைம்அவுட், அதாவது லாக்குக்காகக் காத்திருக்கிற நேரம், மூன்று நொடி என்று வைத்துவிடுவேன், கிடைக்கவில்லை என்றால் அதுவே விலகிக்கொள்ளும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, உங்களுக்கு வருவோம். பெயரை மாற்றவே வேண்டாம். முதல் வெர்ஷனில் மொபைல் என்று புதுக் காலம் சேருங்கள், காலியாக இருக்கலாம் என்று விட்டுவிடுங்கள், கோட் இரண்டிலும் எழுதட்டும், படிப்பது மட்டும் பழையதிலிருந்தே. பிறகு பழைய நம்பர்களை ஆயிரம் ஆயிரம் வரியாகக் காப்பி செய்யுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். அது முடிந்ததும் அடுத்த வெர்ஷன் மொபைலைப் படிக்கட்டும், எழுதுவது இன்னும் இரண்டிலும்தான், ஏனென்றால் அப்போதும் பழைய கோட் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே ஓடும். அதற்கடுத்ததில் போனை மறந்துவிடட்டும். இழுவைதான், ஆனால் கடை நிற்காது.

இன்னொன்று. மைக்ரேஷன் ஃபைலை உருவாக்குகிற மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையைக் கொடுக்கும்போது ஜாங்கோ "பெயரை மாற்றினீர்களா?" என்று கேட்கும், பலர் யோசிக்காமல் எண்டர் தட்டுவார்கள். எண்டர் என்றால் இல்லை என்று அர்த்தம், பழைய காலத்தை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கிற ஃபைல் உருவாகும், அதை ஓட்டினால் நம்பர் எல்லாம் போச்சு. ஃபைலைத் திறந்து படித்துவிட்டு ஓட்டுங்கள். ஏற்கெனவே சர்வரில் ஓடிய ஃபைலைத் திருத்தவும் கூடாது: எது ஓடியது என்று ஜாங்கோ ஒரு டேபிளில் ஃபைலின் பெயரைத்தான் குறித்து வைக்கிறது, திருத்தியது அங்கே திரும்ப ஓடாது.

போன் காலத்தை எப்போது தூக்குவது? நான் ஒரு மாதம் விடுவேன். மைக்ரேஷனைப் பின்னோக்கி ஓட்டினால் காலம் திரும்ப வரும், உள்ளே இருந்த நம்பர் வராது, அதனால் தூக்குகிற அன்று முதலில் பேக்கப், அதுவும் கடை அடைத்த பிறகு.