ஏற்காட்டுக் குப்பைமேட்டில் ஒரு கோலி சோடா பாட்டில்

(சேலத்தில் வாசகர் வட்ட ஆண்டு விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையைக் கட்டிப்போட்டுவிட்டுப் போன தலைமையாசிரியை அம்மா அவர்களே, பணி நெருக்கடிக்கு நடுவிலும் வந்து வாழ்த்திய நூலக அலுவலர் அவர்களே, கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மாலை 5 மணிக்கே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே (உங்களிடம் கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கிறது, நடுவில் எழுந்து போய்விடக் கூடாது), வாசகர் வட்ட நண்பர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்திய செயலாளருக்கும், புத்தகம் கொடுத்த பொருளாளருக்கும் நன்றி. இன்னொரு நன்றியும் சொல்ல வேண்டும். இந்த மேசையில் பிளாஸ்டிக் பாட்டில் வைக்காமல் செம்பில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அது யாருடைய யோசனை என்று தெரியவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

என் பாட்டி அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார். "குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் போகுமா?" என்னைப் போல மதிப்பெண் குறைந்து வந்த பேரப் பிள்ளைகளைத் தேற்றுவதற்காகச் சொன்ன பழமொழி அது. 31 ஆண்டுகள் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற பிறகுதான், அதை வார்த்தைக்கு வார்த்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மூன்று விஷயங்கள் சொல்ல வந்திருக்கிறேன். நாங்கள் எப்படித் தேடுகிறோம், உடைந்த கண்ணாடியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது, மலையில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார்களின் சாப்பாட்டு மேசையை அதை வைத்து எப்படிப் படிப்பது.

முதலில் என் கூட்டாளியைப் பற்றி. என்னிடம் படித்த பையன். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மெட்டல் டிடெக்டர் அவருடையது, மண்வெட்டி என்னுடையது. அங்கே கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். தம்பி, முன்னால் வாருங்கள். வரமாட்டார். சரி, விடுங்கள்.

எல்லோரும் கேட்கிற கேள்வி, டிடெக்டர் கண்ணாடியைக் காட்டுமா என்பதுதான். காட்டாது. அது உலோகத்துக்கு மட்டும்தான் கத்தும். அப்புறம் எதற்கு அது? அந்தக் காலத்துப் பங்களாவில் சமையலறைக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கும். குப்பை அத்தனையும் அங்கேதான் போகும். பாட்டிலோடு தகர மூடி, ஆணி, லாடம், ஒயின் பாட்டிலின் கழுத்தில் சுற்றிய ஈயத் தகடு, கம்பி எல்லாம் சேர்ந்தே விழும். நாணயம் தேடுகிறவர்கள் இரும்புக்குக் கத்தாதபடி மெஷினை அடக்கி வைப்பார்கள். என் கூட்டாளி அப்படிச் செய்வதில்லை. துருப்பிடித்த இரும்பு எங்கே கூட்டமாகக் கத்துகிறதோ அதுதான் குப்பைக்குழி என்பது அவர் கணக்கு. அவர் காதால் குழியைக் கண்டுபிடிப்பார், நான் விரலால் கண்ணாடியைக் கண்டுபிடிப்பேன். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி.

நாங்கள் தேடியது ஏற்காட்டில். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்த கதை உங்களுக்குத் தெரியும். அப்புறம் எஸ்டேட்டுகள் வந்தன, பங்களாக்கள் வந்தன, அவர்கள் குடிக்கும் சோடாவும் பீரும் மருந்தும் மலையேறி வந்தன. எங்களுக்குத் தெரிந்த ஒரு எஸ்டேட்காரர் தன் சொந்த நிலத்தில் தோண்ட எழுத்தில் அனுமதி கொடுத்தார். மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். காப்புக் காட்டில் தோண்டக் கூடாது. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தில் கால் வைக்கவே கூடாது. மண்ணில் புதைந்து கிடப்பது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. நாங்கள் எடுத்த ஒவ்வொரு துண்டையும் எந்தக் குழி, எத்தனை அடி என்று குறித்து, போட்டோவோடு பட்டியல் கொடுத்திருக்கிறோம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன ஐப்பசி, ஒரு சனிக்கிழமை. காலை 7 மணிக்கே சரிவில் இறங்கிவிட்டோம். காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒரு சில்வர் ஓக் மரம், அதன் அடியில் மெஷின் விடாமல் கத்துகிறது. தோண்டினால் ஒரு லாடம். அப்புறம் பிஸ்கட் டின் மூடி. அப்புறம் எதுவென்றே தெரியாத துரு. ஒன்றரை அடி ஆழத்தில் கறுப்பு மண் வந்தது. சாம்பல் மண். அடுப்புச் சாம்பல் கொட்டிய இடம் என்றால் சமையலறைக் குப்பை என்று அர்த்தம். மண்வெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு மூங்கில் சிம்பும் பெயின்ட் பிரஷ்ஷும் எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இளம்பச்சையாக ஒரு வளைவு தெரிந்தது. சுற்றிலும் மண்ணைத் தள்ளத் தள்ள ஒரு கழுத்து வந்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் விரலால் கிள்ளிய மாதிரி குழி. "சார், கோலி சோடா!" என்று தம்பி கத்தினார். உடையாத கோலி சோடா பாட்டில் மண்ணில் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்பது, சின்ன வயதில் கோலிக்காக அதை உடைத்தவர்களுக்குத் தெரியும். நானும் உடைத்திருக்கிறேன். அவசரப்படாமல் சுரண்டிக்கொண்டே இருக்கிறோம், மழை பிடித்துக்கொண்டது. தம்பி டிடெக்டரைத் தன் சட்டைக்குள் வைத்துப் போர்த்திக்கொண்டார், நான் குழியின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் தொப்பல்.

அப்போது மேலே பாதையில் ஒரு பாட்டி. எஸ்டேட்டில் பழம் பறித்த கை. கோணிப்பையைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன கண்ணு தோண்டறீங்க?"

"பழைய பாட்டில் பாட்டி."

"காலி பாட்டிலா?"

"ஆமாங்க, காலிதான்."

"அதுக்கா மழையில நனையறீங்க? எங்க ஊட்லயே ஒண்ணு கெடக்குது, வாங்க தரேன்."

எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனோம். சூடாக வரக்காப்பி கொடுத்தார். உள்ளே போய் எடுத்துவந்தார் பாருங்கள், எனக்கு வார்த்தை வரவில்லை. முட்டை மாதிரி அடி கூர்ந்த பாட்டில். தரையில் நிற்காது. ஹாமில்டன் பாட்டில் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த சோடா பாட்டில் வடிவம். நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கிக் காற்று போய்விடும், அதனால் படுக்க வைத்தே தீர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். அந்தப் பாட்டிலில் மாவு ஒட்டியிருந்தது. பாட்டி அதில்தான் பூரி தேய்க்கிறார்! நாற்பது வருடமாக!

தம்பி 500 ரூபாய் எடுத்து நீட்டினார். பாட்டி வாங்கவில்லை, பாட்டிலையும் கொடுக்கவில்லை. "காட்டத்தான் எடுத்தாந்தேன். எங்க மாமியா குடுத்தது கண்ணு" என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் நான் இங்கே வந்ததற்கே காரணம். அவருடைய மாமியார் பங்களாவில் வேலை செய்தவர். காலி சோடா பாட்டில்களைக் கூடையில் அடுக்கித் தலைச்சுமையாகக் கீழே கொண்டுபோய்ச் சோடாக் கம்பெனியில் கொடுப்பாராம். எண்ணிப் பார்த்துக் காசு கொடுப்பார்களாம். "இது மட்டும் நிக்க மாட்டேங்குது, பழைய மாடலு, வேணாம்னுட்டானாம். அதான் ஊட்டுக்கு வந்துருச்சு." மற்ற பாட்டில் எல்லாம் கம்பெனிக்குத் திரும்பிப் போனது, திரும்பாத ஒன்று மூன்று தலைமுறைக்குப் பூரி தேய்க்கிறது. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் போகுமா?

இரண்டாவது விஷயம், வயது. என் கையில் இருக்கும் இந்தத் துண்டைப் பாருங்கள். கறுப்பாகத் தெரிகிறது. ஐயா, அந்த டியூப்லைட் பக்கம் பிடியுங்கள். பச்சை தெரிகிறதா? மணலில் இருக்கும் இரும்பு கொடுத்த நிறம் அது. மேலே வானவில் மாதிரி ஒரு தோல் மின்னுகிறது. கண்ணாடி என்பது மணலும் சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து உருகியது. ஈர மண் நூறு வருடமாக அந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட்டது. மிச்சம் இருப்பது வெங்காயத் தோல் போன்ற இந்தப் படலம். நகத்தால் சுரண்டாதீர்கள், உதிர்ந்துவிடும். பாட்டிலின் பக்கவாட்டில் அச்சுக் கோடு இருக்கும், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தின் தடம் அது. அது கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள். வாய்வரை ஏறினால் மெஷின் பாட்டில். அமெரிக்காவில் ஓவன்ஸ் என்பவர் பாட்டில் செய்யும் தானியங்கி மெஷினைக் கொண்டுவந்தது 1903-இல், ஆக அதற்குப் பிந்தியது.

நாங்கள் எடுத்த கோலி பாட்டிலில் கோடு கழுத்தோடு நிற்கிறது. லண்டன்காரர் ஹைரம் காட் 1870-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த பாட்டில் அது. தலைகீழாக நிரப்புவார்கள், நிமிர்த்தினால் காற்றே கோலியை மேலே தள்ளி, வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தில் அழுத்தி அடைத்துவிடும். வேறு மூடி கிடையாது, எறிவதற்கு எதுவுமே கிடையாது. 1892-இல் தகர மூடி வந்த பிறகு இங்கிலாந்தில் இது மெல்ல மெல்லப் போய்விட்டது. நம் ஊரிலும் ஜப்பானிலும் இன்னும் இருக்கிறது.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டுகிறேன். பாட்டிலின் வயிற்றில் எழுத்து புடைத்து நிற்கிறது பாருங்கள். பாதி தேய்ந்துவிட்டது. இந்தக் கம்பெனிப் பெயரை எதற்குக் கண்ணாடியிலேயே வார்த்தார்கள்? விளம்பரத்துக்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாட்டிதான் என் கண்ணைத் திறந்தார். பாட்டில் கம்பெனியின் சொத்து. விற்றது உள்ளே இருந்த சோடா மட்டும்தான். காலி பாட்டில் வேறு கம்பெனிக்குப் போய்விடாமல் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகப் போட்ட முகவரி அது!

இன்று அதே சரிவில், அதே குழிக்கு மேலே, வார இறுதியில் வருகிறவர்கள் எறிந்த பாட்டில்கள் கிடக்கின்றன. அன்று மட்டும் நாங்கள் இரண்டு சாக்கு பொறுக்கினோம். காட்டெருமை நடக்கும் பாதை அது. நீலகிரியில் உடைந்த மதுப் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-இல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பினால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. 10 ரூபாய் என்றதும் பாட்டில் கடைக்குத் திரும்பி வந்தது. பாட்டியின் மாமியார் கூடையில் சுமந்த அதே ஏற்பாடுதானே இது? மதுப் பாட்டிலுக்கு முடிந்தது தண்ணீருக்கும் சோடாவுக்கும் ஏன் முடியாது? 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. கல்யாண மண்டபத்தில் இலைக்கு ஒன்றாக வைக்கிற தண்ணீர் பாட்டில் மட்டும் இன்னும் இலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கண்ணாடியைக் கழுவலாம், மறுபடி நிரப்பலாம், மண்ணில் போனாலும் நூற்றைம்பது வருடம் கழித்து எடுத்தால் மேல்தோல்தான் மங்கியிருக்கும், பாட்டில் பாட்டிலாகவே இருக்கும். குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் போகுமா?

துரைமார்களின் மேசை பற்றியும் சொல்கிறேன் என்றேன். ஈனோ உப்புப் பாட்டில், சாஸ் பாட்டில் எல்லாம் பெட்டியில் இருக்கிறது, வந்து பாருங்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் என் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன்.

வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வருகிறது. ஊரே திரளும். உங்கள் சங்கத்துக் கடைகள் அந்த நாட்களில் மட்டுமாவது பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் விற்கட்டும். பாட்டிலுக்கு 10 ரூபாய் முன்பணம் வாங்குங்கள், காலியைக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். காலி பாட்டில்களை எண்ணி அடுக்க வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் இருபது பேர் தயாராக இருக்கிறார்கள். கணக்கு எழுத நான் வருகிறேன்.

கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறோம். பெட்டியில் பன்னிரண்டு பாட்டில்கள், பக்கத்தில் கையெழுத்துத் தாள். பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் இரண்டு கையாலும் பிடியுங்கள். தம்பி அங்கேதான் நிற்பார், டிடெக்டரையும் போட்டுக் காட்டுவார். வணக்கம்.