தண்ணில விழுந்த போன்: அரிசி டப்பாவைத் திறக்காதீங்க

[காட்சி: பக்கெட் தண்ணிக்கு அடியில ஒரு போன். திரை இன்னும் எரியுது.]

போன் தண்ணில விழுந்துடுச்சு. உடனே எடுங்க. சார்ஜர் வயரோட விழுந்திருந்தா மட்டும் கையை விடாதீங்க. முதல்ல சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு, அப்புறமா எடுங்க.

எடுத்ததும் திரையைத் தட்டி, வேலை செய்யுதான்னு பார்க்கத் தோணும். பார்க்காதீங்க. நல்லா ஓடிக்கிட்டு இருந்தாலும் ஆஃப் பண்ணுங்க. ஐபோன்னா பக்கவாட்டு பட்டனையும் ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிச்சா, அணைக்குறதுக்கு ஸ்லைடர் வரும். புது சாம்சங்ல பவர் பட்டனோட வால்யூமைக் குறைக்கிற பட்டனையும் சேர்த்து அழுத்தணும். தானாவே அணைஞ்சு போயிருந்தா அப்படியே விட்டுடுங்க. பேட்டரி கழட்டுற மாதிரி போன்னா, வேற எதையும் யோசிக்காம பேட்டரியைக் கழட்டிடுங்க.

[காட்சி: திறந்து வெச்ச போனுக்குள்ள இருக்கிற போர்டு, அதாவது சிப்பெல்லாம் பதிச்ச சர்க்யூட் பலகை. ஒரு மூலையில பச்சைப் படலம்.]

ஏன் இவ்வளவு அவசரம்? இந்தப் பச்சையைப் பாருங்க. புளி போட்டுத் தேய்க்காம விட்ட பித்தளைப் பாத்திரத்துல பிடிக்குமே களிம்பு, கிட்டத்தட்ட அதேதான். பாத்திரத்துல அது பிடிக்க நாளாகும். போர்டுல அவ்வளவு நேரம் ஆகாது, ஏன்னா அங்க கரண்ட் ஓடுது. குழாய்த் தண்ணில, அதுவும் நம்ம ஊர் போர்வெல் தண்ணில, உப்பு நிறைய கரைஞ்சிருக்கு. அந்த உப்புதான் தண்ணி வழியா கரண்டைக் கடத்துது. கரண்ட் போற வழியில செம்பு கரைஞ்சு, பக்கத்துல இருக்கிற முனை மேல போய்ப் படியும். ரெண்டு முனைக்கும் நடுவுல அது பாலம் போட்டுடுச்சுன்னா, ஷார்ட்.

ஆஃப் பண்ணிட்டாலும் ஆபத்து முழுசாப் போயிடாது. பேட்டரி இணைஞ்சிருக்கிற வரைக்கும் போர்டுல சில பாதைகள்ல 4 வோல்ட்டுக்குப் பக்கம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். அதனாலதான் சர்வீஸ் கடையில போனைத் திறந்ததும் முதல் வேலையா பேட்டரி கனெக்டரைக் கழட்டுறாங்க.

இப்ப அடுத்த வேலை. கவரைக் கழட்டுங்க. சிம் ட்ரேயை வெளியே எடுத்து, சிம்மைத் துடைச்சு வேற போன்ல போட்டுக்குங்க. பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். பஞ்சு மாதிரி தண்ணியை இழுக்குற துணியால வெளிப்பக்கம் முழுக்க ஒத்தி எடுங்க. சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்குற மாதிரி பிடிச்சு, உள்ளங்கையில மெதுவாத் தட்டுங்க. வேகமா உதறினா தண்ணி இன்னும் உள்ளே போகும். ஓட்டைக்குள்ள பட்ஸ், டிஷ்யூ பேப்பர் எதுவும் விடாதீங்க.

அப்புறம் அதே நிலையில சாய்ச்சு வெச்சு, டேபிள் ஃபேன் காத்து படுற மாதிரி விடுங்க. குறைஞ்சது 24 மணி நேரம். மழைக்காலம்னா, கடலோர ஊர்னா, 48 மணி நேரம் விடுறதுதான் நல்லது. ஹேர் டிரையர் வேண்டாம், மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். சூட்டுல ஓரத்துப் பசை இளகும், பேட்டரி கெடும்.

[காட்சி: அரிசியில புதைச்சு எடுத்த போன். சார்ஜிங் ஓட்டைக்குள்ள வெள்ளைத் தூள்.]

ஈரத்தை இழுத்துடும்னு நிறைய பேர் போனை அரிசியில புதைச்சு வைப்பாங்களே, அது? போனுக்குள்ள சிப்பை மூடியிருக்கிற ஷீல்டுத் தகட்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கிற தண்ணியை அரிசியால வெளியே இழுக்க முடியாது. தவிடும் மாவும் ஈர ஓட்டைக்குள்ள போய்ப் பசையா ஒட்டுறதுதான் மிச்சம். அரிசியில போடாதீங்கன்னு ஆப்பிளே தன் உதவிப் பக்கத்துல எழுதியிருக்கு. சிலிக்கா ஜெல் பை நிறைய இருந்தா, காத்துப் போகாத டப்பாவுல போனோட போட்டு வைக்கலாம், தப்பில்லை. ஆனா ஃபேன் காத்தே போதும்.

இதுல ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. தண்ணி காஞ்சுடும், உப்பு காயாது. தண்ணி கொதிச்ச பாத்திரத்தோட அடியில வெள்ளையாப் படியுமே, அதே மாதிரி போர்டு மேலயும் படிஞ்சு நிக்கும். அடுத்த மழைக்கு காத்துல இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கும், அரிப்பு மறுபடி ஆரம்பிக்கும். "அன்னைக்கு நல்லாத்தான் ஓடுச்சு, ரெண்டு மாசம் கழிச்சு செத்துப்போச்சு"ன்னு சொல்றாங்களே, அதுல பல போன் இந்தக் கதைதான்.

அதுக்கு மருந்து 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைக்காரங்க பேச்சுல ஐபிஏ. பேட்டரியையும் டிஸ்ப்ளேயையும் தனியாக் கழட்டி வெச்சுட்டு, ஷீல்டைத் திறந்து, மெல்லிசான பிரஷ்ஷால போர்டைக் கழுவுவாங்க. ஒலி அதிர்வால அழுக்கைப் பேர்க்கிற அல்ட்ராசானிக் தொட்டி இருந்தா அதுல போடுவாங்க. கெட்டியாப் படிஞ்ச உப்பும் களிம்பும் இந்தத் தேய்ப்புலயும் அதிர்வுலயும்தான் பேர்ந்து வரும். மெடிக்கல்ல விக்கிற ஸ்பிரிட் இதுக்கு ஆகாது, அதுலயே தண்ணி கலந்திருக்கு. டிஸ்ப்ளேவை ஐபிஏல முக்கினா அடுக்குகளுக்கு நடுவுல கறை இறங்கிடும். சட்டுனு தீப்பிடிக்கிற திரவமும்கூட. பழக்கம் இல்லாதவங்க வீட்டுல முயற்சி பண்ண வேண்டாம். போர்டு வேலை பார்க்குற கடைக்கு, முடிஞ்சா அன்னைக்கே, கொண்டு போங்க. கடல் தண்ணி, டீ, குளிர்பானம்னா காய வைக்கிறேன்னு ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கு.

தண்ணி புகாதுன்னு சொல்ற ஐபி 68 தரம் வாங்கின போன்தானேன்னு நினைக்கலாம். அது சுத்தமான நல்ல தண்ணில பண்ற சோதனை. சாம்சங் கேலக்சி எஸ் வரிசைக்கு 1.5 மீட்டர் ஆழம், 30 நிமிஷம். ஐபோன் 12ல இருந்து பல மாடல்களுக்கு 6 மீட்டர், 30 நிமிஷம். சோப்புத் தண்ணியும் கடல் தண்ணியும் இந்தக் கணக்குல வராது. கீழே விழுந்து ஓரம் நசுங்கின போனுக்கும், வெளியில டிஸ்ப்ளே மாத்தின போனுக்கும் தண்ணியைத் தடுக்குற ஓரத்து சீல் மிஞ்சியிருக்கும்னு நம்ப முடியாது.

[காட்சி: டைப்-சி ஓட்டை, பெரிசாக்கிக் காட்டினது.]

கடைசியா, சார்ஜ் போடுறது எப்போ? உள்ளே நடுவுல நாக்கு மாதிரி இருக்கு பாருங்க. மேலே 12, கீழே 12, மொத்தம் 24 முனை. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் அரை மில்லிமீட்டர்தான். சார்ஜர் மின்சாரம் வர்ற முனைக்கு ஒட்டினாப்பலயே, சார்ஜரும் போனும் பேசிக்கிற முனை இருக்கு. அங்க ஒரே ஒரு துளி நின்னாப் போதும், முனை கருகிடும். டார்ச் அடிச்சுப் பாருங்க: ஈரப் பளபளப்போ, கருப்புப் புள்ளியோ, பச்சையோ தெரிஞ்சா சார்ஜர் குத்தாதீங்க. 'ஈரம் இருக்கு'ன்னு போனே எச்சரிச்சா, அதைத் தாண்டி சார்ஜ் போடாதீங்க.

ஓட்டை சுத்தமா இருந்தா, மிச்சம் இருக்கிற சார்ஜிலேயே முதல்ல ஆன் பண்ணுங்க. ஆன் ஆச்சுன்னா கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். போட்டோவையும் காண்டாக்டையும் அப்பவே காப்பி எடுத்துடுங்க. அடுத்த சில வாரம் ராத்திரி தலைமாட்டுல சார்ஜ் போட்டுட்டுத் தூங்காதீங்க. டிஸ்ப்ளே ஓரம் தூக்கினாலோ, பின்பக்கம் உப்பினாலோ பேட்டரி வீங்குதுன்னு அர்த்தம். சார்ஜரைக் கழட்டிட்டு, ஆஃப் பண்ணி, கடைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.